பொம்மைப் படமெல்லாம் பாப்பா படமா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர் சார்பில்)

இல்லந்தோறும் இன்று ஒரு சிறு திரை குடிபுகுந்துவிட்டது. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதும், அம்மா தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும்போதும், விருந்தினர் வந்திருக்கும்போதும், அழுகின்ற குழந்தையை அமைதிப்படுத்த அந்தத் திரையே கைகொடுக்கிறது. "பாப்பாவுக்கு ஏதாவது பொம்மைப் படம் போட்டுக் கொடு" என்று பெரியவர்கள் கூறுவர். யாரிடம் கூறுவர்? பெரும்பாலும் எங்களிடம்தான். பத்தாம் வகுப்பில் படிக்கும் பெண் ஒருத்தி வீட்டிலிருந்தால், தம்பி தங்கையரைக் கவனிக்கும் வேலை தானாகவே அவளைத் தேடி வந்துவிடும். (பத்தாம் வகுப்பில் படிக்கும் அண்ணன்மார்களை அவ்வேலை ஏனோ தேடி வருவதில்லை. அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.)

அந்த 'ஏதாவது' என்ற சொல்லைப் பற்றித்தான் நாங்கள் இங்கே எழுத விரும்புகிறோம். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது 'ஏதாவது ஊட்டு' என்று யாரும் சொல்வதில்லை. காரம் உண்டா, முள் உண்டா, சூடு ஆறிவிட்டதா என்று பார்த்துத்தான் ஊட்டுகிறோம். கண்ணுக்கும் காதுக்கும் ஊட்டும்போது மட்டும் அந்தக் கவனம் எங்கே போயிற்று? கார்ட்டூன் என்றாலே குழந்தைக்குரியது என்று நாம் நம்பிவிட்டோம். அந்த நம்பிக்கை தவறானது என்பதே எங்கள் கருத்து.

2014ஆம் ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் விந்தையான ஓர் ஆய்வு வெளிவந்தது. 1937ஆம் ஆண்டின் 'ஸ்நோ ஒயிட்' தொடங்கி 2013ஆம் ஆண்டு வரை வெளிவந்து பெருவெற்றி பெற்ற 45 கார்ட்டூன் படங்களை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டனர். அதே ஆண்டுகளில் பெரியவர்களுக்காக எடுக்கப்பட்ட 90 படங்களுடன் அவற்றை ஒப்பிட்டனர். எதில் முக்கியமான பாத்திரங்கள் அதிகம் இறக்கின்றன? கார்ட்டூன் படங்களில்தான்! ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகம். அதிலும் கதைத்தலைவனுடைய தாய் தந்தையர் இறப்பது மிக மிக அதிகம்.

நினைத்துப் பார்த்தால் இது உண்மை என்பது நமக்கே விளங்கும். 1942இல் வந்த 'பேம்பி' படத்தில் மான்குட்டியின் தாய் வேடனின் துப்பாக்கிக்கு இரையாகிறது. 1994இல் வந்த 'தி லயன் கிங்' படத்தில் சிங்கக்குட்டியின் கண் முன்னாலேயே அதன் தந்தை மடிகிறது. குட்டி, இறந்த தந்தையை எழுப்பப் பார்க்கிறது. 2003இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் கதை தொடங்கிய சில நிமிடங்களுக்குள் தாய் மீனும் நூற்றுக்கணக்கான முட்டைகளும் அழிந்துபோகின்றன. அழகிய வண்ணமும் இனிய இசையும் நிறைந்த படங்கள்தாம் இவை. நாங்களும் பார்த்து அழுதிருக்கிறோம், பிறகு மகிழ்ந்திருக்கிறோம். இவற்றைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. எட்டு வயதுப் பிள்ளைக்கு இவை நல்ல படங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு?

எட்டு வயதுப் பிள்ளைக்கு இது படம் என்று தெரியும். முடிவில் நன்மை வரும் என்று காத்திருக்கவும் தெரியும். தத்தித் தத்தி நடக்கும் குழந்தைக்கு அந்த முடிவு வரை கதையைப் பிடித்துக்கொண்டிருக்க இயலாது. ஒரு மணி நேரத்திற்குப் பின் வரும் மகிழ்ச்சி அதற்கு எட்டாது. 'அம்மா இல்லை' என்ற ஒன்று மட்டும் நன்றாக எட்டும். எங்கள் தோழி ஒருத்தியின் தம்பிக்கு இரண்டே கால் வயது. தாய் விலங்கு காணாமற்போகும் ஒரு படத்தை அவன் பார்த்தான். பார்க்கும்போது அழவேயில்லை. ஆனால் அதற்குப் பின் ஒரு வாரம் அவனுடைய அம்மா குளியலறைக்குச் செல்லவும் முடியவில்லை. கதவருகே அமர்ந்து முந்தானைக்காகக் கதறுவான். பல் முளைக்கிறது என்றார் ஒருவர். கண் பட்டுவிட்டது என்றார் மற்றொருவர். படத்தைப் பற்றி யாருமே நினைக்கவில்லை. நினைத்தவள் அவனுடைய அக்காள்தான். ஏனென்றால் அவனருகே அமர்ந்து அப்படத்தைப் பார்த்தவள் அவள் ஒருத்தியே.

"தணிக்கைக் குழு 'யு' சான்றிதழ் அளித்திருக்கிறதே?" என்று சிலர் கேட்கலாம். 'யு' என்றால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று பொருள். இரண்டு வயதுக் குழந்தைக்கு உகந்தது என்று பொருளன்று. 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பிறகு 'யு/ஏ' சான்றிதழை 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் மிகக் குறைந்த வயதே ஏழு! இரண்டு வயதுக்குச் சான்றிதழ் வழங்கும் அதிகாரி வீட்டிலேதான் இருக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பும் உண்டு. இதனைப் பாட்டிமார்கள் கூறுவர். "எங்கள் கதையிலும் புலி வந்தது, பூதம் வந்தது, பிள்ளை பிடிக்கிறவன் வந்தான். நீங்கள் எல்லாம் பயந்தா போனீர்கள்?" என்பர். நியாயமான கேள்வி. இதைப் பற்றி எங்கள் வகுப்பில் நெடுநேரம் வாதிட்டோம். பாட்டி கதை சொல்லும்போது அவர் கண் குழந்தையின் முகத்தின் மேல் இருக்கிறது. குழந்தையின் உதடு பிதுங்கியவுடன் பாட்டியின் குரல் தணிந்துவிடும். புலி பூனையாகிவிடும், பூதத்திற்கு வயிற்றுவலி வந்துவிடும், பிள்ளை பிடிக்கிறவனைப் போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போய்விடுவார். கைப்பேசியோ குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை. குழந்தை நடுங்கினாலும் அது தன் வேகத்தில் ஓடும். ஆதலால் பாட்டி செய்ததை யாராவது செய்ய வேண்டும். அருகில் அமர்ந்து, ஒலியைக் குறைத்து, வேண்டுமானால் நிறுத்திவிட்டு, "புலி வீட்டுக்குப் போய்விட்டது" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். பயமுறுத்துவதில் பாதி ஒலிதான் என்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். காட்சியை மாற்றாமல் ஒலியை மட்டும் அணைத்தாலே குழந்தையின் தோள் தளர்ந்துவிடுகிறது.

அச்சம் ஒருபுறமிருக்க, வேகம் என்று ஒன்று இருக்கிறது. இதனைப் பலர் கவனிப்பதேயில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லில்லார்டு, பீட்டர்சன் என்னும் இருவர் 2011ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு 'ஸ்பாஞ்ச்பாப்' என்னும் கார்ட்டூன். அதில் சராசரியாக 11 விநாடிக்கு ஒரு முறை காட்சி மாறும். இன்னொரு குழுவுக்கு 34 விநாடிக்கு ஒரு முறை காட்சி மாறும் அமைதியான கார்ட்டூன். மூன்றாம் குழுவுக்குக் காகிதமும் வண்ணக் குச்சிகளும். ஒன்பதே நிமிடங்கள்தாம். உடனே, 'தலையைத் தொடு என்றால் காலைத் தொட வேண்டும்' என்பது போன்ற சோதனைகளை வைத்தனர். ஆசைப்பட்ட தின்பண்டத்தை உடனே எடுக்காமல் எவ்வளவு நேரம் பொறுத்திருக்கிறார்கள் என்றும் பார்த்தனர். வேகமான கார்ட்டூனைப் பார்த்தவர்கள் மற்ற இரு குழுவினரையும்விடத் தடுமாறினார்கள். இது உடனடி விளைவுதான். வாழ்நாள் முழுதும் கெட்டுப்போவார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. ஆனால் படம் முடிந்தவுடன் தம்பி ஏன் பாத்திரங்களைத் தட்டிவிட்டு ஓடுகிறான் என்பதற்கு எங்களுக்கு ஒரு விடை கிடைத்தது.

இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் இடம் எத்தனை முறை மாறுகிறது என்று விரல்விட்டு எண்ணுங்கள். எங்களுள் சிலர் எண்ணிப் பார்த்தோம். சில பாட்டுப் படங்களில் விரல்கள் போதவில்லை.

அடிதடியைப் பற்றிப் பெரியவர்களே அடிக்கடி பேசுவதால் நாங்கள் சுருக்கமாகவே கூறுகிறோம். 1940இல் தொடங்கிய 'டாம் அண்டு ஜெரி'யில் பூனையின் தலையில் இரும்புச் சட்டி விழும், தலை தட்டையாகும், மறு விநாடி அது எழுந்து ஓடும். நமக்கு அது நகைச்சுவை. குழந்தைக்கு அது செய்முறைப் பாடம்! ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பந்தூரா என்னும் உளவியல் அறிஞர் 1963இல் வெளியிட்ட ஆய்வில், பூனை வேடமிட்ட ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் படமாகக் காட்டினர். பார்த்த மழலைப் பள்ளிக் குழந்தைகள், பார்க்காதவர்களைவிட அதிகமாகப் பொம்மையை அடித்தனர். நம் நாட்டில் 2008 முதல் வரும் 'சோட்டா பீம்' தொடரில் லட்டு தின்று வலிமை பெறும் வீரன் தீயவர்களைக் குத்துகிறான். தீயவர் யார், நல்லவர் யார் என்று இரண்டு வயதுக்குத் தெரியாது. குத்து மட்டும் தெரியும். அதைப் பெற்றுக்கொள்வதும் பெரும்பாலும் அருகிலிருக்கும் அக்காள்தான்.

அப்படியானால் எதைத்தான் காட்டுவது? குறை கூறுவது எளிது, வழி கூறுவது கடினம் என்பர். நாங்கள் தேடிக் கண்டவற்றைக் கூறுகிறோம்.

1974இல் நம் நாட்டின் ஃபிலிம்ஸ் டிவிஷன் தயாரித்த 'ஏக் அனேக் அவுர் ஏக்தா' என்னும் படம் ஏழு நிமிடமே ஓடும். விஜயா முலே என்னும் அம்மையார் உருவாக்கியது. தோட்டத்தில் விளையாடும் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு அவர்களுடைய அக்காள் ஒரு கதையால் விடை சொல்கிறாள். வலையில் சிக்கிய பறவைகள் ஒன்றுகூடி வலையோடு பறக்கின்றன. எலிகள் வலையைக் கடித்து விடுவிக்கின்றன. மொழி இந்திதான். ஆயினும் பறவையையும் எலியையும் அறிய மொழி எதற்கு? நாமே அருகிலிருந்து தமிழில் சொல்லிக்கொள்ளலாம். சொல்வது அக்காள் என்பதால் எங்களுக்கு இதில் தனிப்பற்று உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

செக் நாட்டு ஓவியர் ஸ்தெனெக் மிலெர் படைத்த குட்டி அகழெலியின் படங்கள் 1957இல் தொடங்கின. முதல் படத்தில் அகழெலிக்குப் பையுள்ள காற்சட்டை வேண்டும் என்று ஆசை. ஆளிச் செடியிலிருந்து நூலாகி, துணியாகி, காற்சட்டையாவது வரை ஒவ்வொரு பிராணியாக வந்து உதவுகிறது. எறும்புகள் நெய்கின்றன, நண்டு தன் கொடுக்கால் வெட்டுகிறது. வில்லன் இல்லை, விரட்டல் இல்லை. முதல் படத்தில் பேச்சு இருந்தது. எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் புரிய வேண்டும் என்பதற்காகப் பின்னர் வந்தவற்றில் மிலெர் பேச்சை நீக்கிவிட்டார். சிரிப்பு, வியப்பு, அழுகை ஒலிகள் மட்டுமே உண்டு. அவற்றுக்கும் தம் மகள்களையே குரல் கொடுக்க வைத்தார். பேசிப் பழகும் வயதில் வேற்று மொழி காதில் கொட்டாமல், சொற்களை நாமே நிரப்ப இடமிருப்பது இத்தகைய படங்களின் சிறப்பு.

தமிழ் பேசும் படமே வேண்டும் என்பவர்களுக்குச் சுட்டி டிவியின் 'டோராவின் பயணங்கள்' நினைவுக்கு வரும். எங்கள் அக்காமார்களின் காலத்துப் படம். டோரா ஒரு கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருப்பாள். காத்திருக்கும் கார்ட்டூன் அரிது! ஆயினும் அது மூன்று வயதுக்கு மேல்தான் சுவைக்கும் என்பது எங்கள் எண்ணம்.

ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகி 1988இல் எடுத்த 'மை நெய்பர் டோட்டோரோ'வைப் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. அக்காள் தங்கை இருவர், காட்டில் வாழும் பெரிய சாதுப் பிராணி, மழை, பேருந்து நிறுத்தம், வயல். தீயவர் ஒருவருமில்லை. ஆனால் தாய் மருத்துவமனையில் இருக்கிறாள். நான்கு வயதுத் தங்கை வழி தவறிவிடுகிறாள். 86 நிமிடம் ஓடும் படம். முடிவில், நான்கு வயதான பின்னர் காட்டலாம். இரண்டு வயதில் மழைக்காட்சி போன்ற பகுதிகளை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு காட்டலாம் என்று தீர்மானித்தோம். கருத்து மாறுபட்ட தோழி ஒருத்தி இன்னும் எங்களோடு சமாதானமாகவில்லை.

பார்த்த படத்தையே திரும்பத் திரும்பக் கேட்கிறதே என்று பெற்றோர் சலித்துக்கொள்கின்றனர். சலிக்க வேண்டாம். 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ப்ளூஸ் க்ளூஸ்' என்னும் சிறுவர் தொடரில், ஒரே பகுதியைத் தொடர்ந்து ஐந்து நாள் ஒளிபரப்பினர். ஒவ்வொரு நாளும் குழந்தைகள் முன்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள், முன்னைவிட உரக்க விடை சொன்னார்கள். ஆகவே நூறு படங்கள் தேவையில்லை, ஐந்தாறு போதும்.

அந்த ஐந்தாறையும் கைப்பேசியில் முன்னதாகவே இறக்கி வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் அனுபவம். இணையத்தில் ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடுகிறது. அடுத்ததைத் தேர்ந்தெடுப்பது அம்மாவுமல்ல, அக்காளுமல்ல, ஒரு கணிப்பொறி. குழந்தைகளுக்குப் பழக்கமான கார்ட்டூன் பாத்திரங்களைப் போலவே வரைந்து, அவற்றில் வன்முறையும் ஆபாசமும் கலந்த போலிப் படங்கள் யூடியூபில் உலவியது 2017ஆம் ஆண்டு வெளிச்சத்திற்கு வந்தது. அதன்பின் பலவற்றை நீக்கினார்கள். நீக்கும்வரை அவற்றைப் பார்த்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைகள். தலைப்பைக்கூட அவர்களால் படித்திருக்க இயலாது.

நேர அளவைப் பற்றியும் ஒரு சொல். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் வேண்டாம், அதனினும் குறைந்தால் நன்று. இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கமும் இரண்டு வயது நிறையும் வரை வேண்டாம் என்றே கூறுகிறது. குவைத்திலோ துபாயிலோ பணிபுரியும் அப்பாவின் முகத்தைக் கைப்பேசியில் பார்த்துப் பேசுவதற்கு மட்டும் விலக்கு உண்டு என்பது எங்களுள் சிலருக்கு ஆறுதல். 'ஒரு மணி நேரமும் தாய் அருகிலேயே அமர்ந்திருக்க வேண்டும்' என்று கூறுபவர்கள், அந்த நேரத்தில் சோறு யார் வடிப்பது என்பதையும் கூற வேண்டும். நாங்கள் தாய்மார்களைக் குறை கூறமாட்டோம். ஏழு நிமிடப் படம் என்றால் ஏழு நிமிடம் வீட்டில் ஒருவர் அமர முடியும். அப்பா அமரலாம், தாத்தா அமரலாம், மேலே அடைப்புக்குறிக்குள் விட்டுவைத்த அண்ணனும் அமரலாம்.

இறுதியாக, அருட்சகோதரிகளுக்கும் ஆசிரியைகளுக்கும் எங்கள் பணிவான வேண்டுகோள் ஒன்று. பெற்றோர் தினத்தன்று தாய்மார்கள் மேல்மாடியில் ஆசிரியைகளுடன் பேசுகையில், அவர்களுடைய கைக்குழந்தைகளும் சிறு பிள்ளைகளும் கீழே அரங்கத்தில் எங்கள் பொறுப்பில் இருக்கின்றனர். பெரிய திரையில், பெரிய ஒலிபெருக்கியில், முழுநீளப் படம் ஒன்று ஓடுகிறது. அடுத்த ஆண்டு அதனைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். நாங்கள் போட்டு வைத்துள்ள நிகழ்ச்சி நிரல் இதுதான்: முதலில் பறவைகளின் படம், ஏழு நிமிடம். பிறகு மணல் தொட்டியில் அரை மணி நேரம். பிறகு அகழெலியின் காற்சட்டைப் படம். கதையைத் தமிழில் சொல்ல ஒரு மாணவி. பத்துக் குழந்தைகளுக்கு ஓர் அக்காள் தரையில் அமர வேண்டும். விளக்குகளை அணைக்க வேண்டாம். ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம், மடிக்கணினியின் ஒலியே போதும். யாரேனும் ஒரு குழந்தை அழுதால் படத்தை நிறுத்திவிட வேண்டும். இரண்டு படங்களும் முடிந்தபின், தாய்மார்கள் இறங்கி வர எவ்வளவு தாமதமானாலும், திரை அணைந்தே இருக்கட்டும்.